துடைக்காமல் போட்ட மக்

பாதுகாப்பு வாரத்துக்கு வந்து அரை மணி நேரம் பேச வேண்டும் என்று உங்கள் ஆலை மேனேஜர் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மைக்கைக் கையில் கொடுத்தால் நான் என்னை நல்லவனாக்கிக்கொண்டே போவேன். நாலு பேர் தலையாட்டினால் போதும், செய்யாததையெல்லாம் செய்ததாகச் சொல்லிவிடுவேன். எழுதும்போது அந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. எழுதியதைத் திரும்பப் படித்தால் பொய் கண்ணில் படும், அடித்துவிடலாம். இதில் நிறைய அடித்திருக்கிறேன்.

நான் டையிங் மாஸ்டராக முப்பத்து நாலு வருடம் இருந்தவன். நூலுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை. எந்த நிறத்துக்கு என்ன அளவு, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் இப்போது உங்களுக்குக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரு ஆயுத பூஜை அன்று நான் செய்த காரியங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அந்தக் காரியங்களால் செங்கோடன் என்ற ஸ்டோர்க்காரர் நெஞ்சு கெட்டுப் போய், மூன்று வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து, செத்துப் போனார்.

வெப்ப உமிழ் வினை, வெப்ப கொள் வினை என்று நீங்கள் பத்தாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். ஐந்து மார்க் கேள்வியாகக்கூட வந்திருக்கும். எங்கள் ஆட்கள் அதைக் கையால் படித்தவர்கள். யூரியாவைக் கரைத்தால் வாளி சில்லென்று ஆகிவிடும். சித்திரை வெயிலில் அந்த வாளியில் கன்னத்தை வைத்துக்கொள்ளச் சண்டை நடக்கும். காஸ்டிக் சோடாவைக் கரைத்தால் அடுப்பில்லாமலே வாளி கொதிக்கும். அவசரப்பட்டு ஒரே கொட்டாகக் கொட்டியவனின் முழங்கையைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் புத்தி வந்துவிடும்.

இந்த இரண்டும் கையில் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் வேலை செய்வது ஹைட்ரோஸ். வெள்ளைப் பொடி, டிரம்மில் வரும். சில சாயங்கள் நூலுக்குள் இறங்குவதற்கு இது இல்லாமல் முடியாது. உலர்ந்திருக்கும் வரை பரம சாது. டிரம்முக்குள் கொஞ்சம் ஈரம் போய்விட்டால் தானாகச் சூடேறும். சூடேறியதால் வேகமாகச் சிதையும், சிதைவதால் இன்னும் சூடேறும். வெளியே நிற்கிறவனுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் எதுவும் தெரியாது. பிறகு புகையும். அந்தப் புகை மூக்குக்குத் தீக்குச்சி கிழித்த வாசனை. நெஞ்சுக்குள் இறங்கினால், அங்கிருக்கிற ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிவிடும்.

அதனால் ஸ்டோர் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் நானே எழுதி வைத்திருந்தேன்: ஹைட்ரோஸ் அருகில் தண்ணீர் வரக் கூடாது. புதிதாக வரும் ஒவ்வொருவனையும் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திச் சத்தமாகப் படிக்க வைப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

நான் வேலை செய்த சாயப்பட்டறை சேலம் நாமக்கல் ரோட்டில், புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு மண் சாலையில் உள்ளே தள்ளி இருந்தது. நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரன். எங்கள் பக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு இத்தனை 'ங்க' போட மாட்டோம். செங்கோடன் அந்த ஊர்க்காரர். திட்டினால்கூட 'ஆமாங்க' என்பார். முன்பு ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரித்துக்கொண்டிருந்தவர், பிறகு எங்கள் ஸ்டோருக்கு வந்தார். என்னைவிட நாலு வயதுதான் சின்னவர், ஆனாலும் நான் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன். அந்தக் காலத்து மாஸ்டர்களுக்கு அப்படி ஒரு திமிர். எழுதும்போதுதான் எனக்கு 'அவர்' என்று வருகிறது.

ஹைட்ரோஸ் அள்ளுவதற்கென்று ஒரு எவர்சில்வர் மக் இருந்தது. அதை வேறு எதற்கும் தொட விட மாட்டார். ஒவ்வொரு முறையும் தோள் துண்டால் உள்ளேயும் வெளியேயும் துடைத்து, பண்ணையில் முட்டையைப் பார்ப்பது போல வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, அப்புறம்தான் டிரம்முக்குள் விடுவார். நாங்கள் கேலி செய்வோம். என்ன செங்கோடா, குஞ்சு இருக்கிறதா என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே மறுபடி ஒரு தடவை துடைப்பார்.

ஒருநாள் டீக்கடையில் டீ குடிக்கும்போது அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், ஒரு சொட்டு தண்ணி பட்டாப் பத்திக்கும்ங்கறீங்க. சாயத் தொட்டில அம்புட்டுத் தண்ணிக்குள்ள ஒரு மக் கொட்டறனே, அங்க ஏனுங்க பத்தறதில்லீங்க?"

நல்ல கேள்வி. ஒரு பேராசிரியர் பையன்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"அது வேற, இது வேற. டீயைக் குடி" என்றேன்.

"சரீங்க" என்று குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருடத்து ஆயுத பூஜைக்கு வருகிறேன். பட்டறையில் அது ஒரு கல்யாண வீடு. முதல்நாளே எல்லாவற்றையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, தோரணம் போட்டு, எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். தராசு, ஸ்பேனர், தெர்மாமீட்டர், சாவிக்கொத்து, கலக்குகிற கம்பு, கையில் பிடித்து வேலை செய்கிற எதுவும் ஆயுதம்தான். எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருக்கும். ஹைட்ரோஸ் மக்கும் அதில் உண்டு.

மற்ற இடங்களில் பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்பார்கள். எங்கள் முதலாளிக்கு மறுநாள் வரை பொறுமை கிடையாது. தீபாராதனை முடிந்த கையோடு ஒவ்வொரு ஆயுதமும் தன் இடத்துக்குப் போய் ஒரு தடவையாவது வேலை செய்துவிட வேண்டும். மோட்டார் ஒரு நிமிடம் ஓட வேண்டும். தராசில் ஏதாவது ஒன்றை நிறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் வருடம் முழுக்கக் கை ஓயாது என்பது அவர் கணக்கு. மக்கால் ஹைட்ரோஸ் ஒரு அள்ளு அள்ளிப் போடுவது செங்கோடனின் பங்கு.

அன்று தீபாராதனை முடிந்ததும் பூசாரி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை மாவிலையால் ஆயுதங்கள் மேல் தெளித்தார். எல்லோரும் வாசலுக்குப் போனார்கள், பூசணிக்காய் உடைக்க. அதை உடைக்கிறவர் செங்கோடன். தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ராகு காலம் வருதுங்க மாஸ்டர், ஸ்டோரை நீங்க பாத்துப்போடுங்க" என்றார். செங்கோடன் இடுப்புச் சாவியைக் கண்ணால் காட்டினார். நான் உருவிக்கொண்டு போனேன்.

மக் வாய் மேலாக இருந்தது. அடியில் மஞ்சள் தண்ணீர் இரண்டு ஸ்பூனாவது நின்றிருக்கும். கவிழ்த்து ஒரு உதறு உதறினேன். வெளியே சந்தனம் ஈரமாக அப்பியிருந்தது. என் உள்ளங்கையில் அந்த ஈரம் பட்டது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, பட்டது. துடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. கையில் துணி இல்லை, வேட்டி புதுசு, வெளியே பூசணிக்காய் உடைந்த சத்தம் கேட்டது, போட்டோவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டிரம்மைத் திறந்து ஒரு அள்ளு அள்ளிப் போட்டு, மக்கை உள்ளேயே விட்டு, மூடியை வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். சாவியைச் செங்கோடன் இடுப்பில் நானே செருகினேன். போட்டோவில் நான் நடுவில் நிற்கிறேன், நெற்றி நிறைய விபூதியோடு.

ஸ்டோரை ஒட்டிய ஷெட்டில் மதியச் சாப்பாடு. ஐம்பது, அறுபது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் குழந்தைகள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் பிள்ளைகள் கேப் வெடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கோடனின் மனைவி பாவாயி ரசம் ஊற்றிக்கொண்டு வந்தவர், என் இலைக்கு முன்னால் நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், கேப்பு வாசம் இம்புட்டு நேரம் அடிக்குமுங்களா? பசங்க அந்தாண்ட போயி ரொம்ப நேரமாச்சுங்க."

"காத்து இந்தப் பக்கம் அடிக்குதும்மா" என்றேன். மோர் வரைக்கும் சாப்பிட்டேன். மூக்கு சொன்னதைக் கேட்காமல் சாப்பிட்ட அந்த இருபது நிமிடம் எனக்கு ஜீரணமாகவே இல்லை.

செங்கோடன் பந்தியில் உட்காராமல் நேராகப் போய் ஸ்டோரைத் திறந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. வந்து என் காதோரம், "பொகையுதுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். கதவுக்கு அருகில் இருந்த அந்த ஒரு டிரம்மின் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் புகை. பக்கவாட்டில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. அதற்குப் பின்னால் திறக்காத டிரம் ஐந்து. இந்தச் சூடு அவற்றுக்குத் தாவினால் ஷெட்டோடு போய்விடும். அந்த நிமிடத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம், சாப்பிடுகிறவர்களை அப்படியே எழுப்பிக் காற்றுக்கு எதிர்ப்பக்கம், ரோட்டுக்கு விரட்டியது. இலையோடு ஓடினார்கள். தீயணைப்புக்குப் போன் போடச் சொன்னேன்.

செங்கோடன் டிரம் தள்ளுகிற கைவண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முற்றத்தில் இருபது அடி தூரத்தில் கழிவுநீர்த் தொட்டி, கழுத்தளவுக்குத் தண்ணீர்.

"இப்பத்தானுங்க பொகைய ஆரம்பிக்குது. வண்டில ஏத்திக் கொண்டுபோயித் தொட்டில உருட்டி உட்ரலாமுங்க. முங்கிப் போச்சுன்னா அடங்கிருமுங்க."

"பைத்தியமாடா உனக்கு? ஹைட்ரோஸ்ல தண்ணியா? சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

"எழுதியிருக்குதுங்க. ஆனா சாயத் தொட்டில கொட்டறப்ப..."

"வாயை மூடிட்டு மண்ணை அள்ளு."

அள்ளினார். பத்துப் பேர் சேர்ந்து அள்ளினோம். கட்டிட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைச் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து டிரம்மை மூடினோம். புகை குறைந்தது, பிறகு நின்றே போனது. எனக்கு மூச்சு வந்தது. அந்த நேரத்தில் என்னைப் பார்த்திருந்தால் நீங்களும் நல்ல மாஸ்டர் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு இது வேலையில் தேவைப்படும். ஹைட்ரோஸ் எரிய வெளிக்காற்று வேண்டியதில்லை. மணலைப் போட்டு மூடினால் அது மூச்சு முட்டிச் சாகாது. மணல் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு வேதிவினை சூடு தருகிறது என்று தெரிந்தால் போதாது, அந்தச் சூடு எங்கே போகும் என்று கேட்க வேண்டும். இரண்டு ஸ்பூன் தண்ணீரால் அந்தச் சூட்டைச் சுமக்க முடியாது, அதனால் அது கொளுத்திவிடும். ஒரு தொட்டித் தண்ணீர் அதே சூட்டை வாங்கிக்கொண்டு வெதுவெதுப்பாகக்கூட ஆகாமல் கிடக்கும். டீக்கடையில் செங்கோடன் கேட்டதற்கு இதுதான் பதில். டிரம்மை உருட்டுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன், அதிலும் உயிர்போகிற ஆபத்து உண்டு. நீங்கள் விலகி ஓடுங்கள், உடுப்பும் முகமூடியும் உள்ளவர்கள் வந்து தூரத்தில் நின்று தண்ணீரைக் கொட்டட்டும். ஆனால் அன்று அந்த முற்றத்தில் சரியாக யோசித்தவர் ஒருவர்தான், அவரை நான் வாயை மூடச் சொன்னேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். புகை நின்று ஐந்து நிமிடம் ஆனது. மீதி ஐந்து டிரம்களை வெளியே எடுத்துவிட்டால் முதலாளியிடம் தலை நிமிர்ந்து பேசலாம் என்று எனக்குத் தோன்றியது.

"செங்கோடா, உள்ளே போய் மீதியை இழுத்துடு."

அவர் மணல் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அடங்கிருச்சுங்களா மாஸ்டர்?"

"அடங்கிருச்சு."

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போனார். ஒரு டிரம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதையும் வாசலுக்குத் தள்ளிவிட்டு உள்ளே திரும்பினார். அப்போது மணல் நடுவில் விண்டது. புகை என்று சொல்ல முடியாது, ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. அவர் அதற்கு அந்தப் பக்கம், வழி இந்தப் பக்கம். இருமல் கேட்டது, பிறகு இருமலும் கேட்கவில்லை. இரண்டு பேர் தரையோடு தரையாகத் தவழ்ந்து போய்க் காலைப் பிடித்து இழுத்துவந்தார்கள். அந்த இரண்டு பேரில் நான் இல்லை.

தீயணைப்பு வண்டி வந்தபோது நான் அந்த அதிகாரியிடமும் ஓடினேன். தண்ணீர் அடிக்காதீர்கள், ஹைட்ரோஸ் என்றேன். அவர் சின்ன வயசு, உங்கள் வயசுதான் இருக்கும். எத்தனை டிரம், எங்கே இருக்கின்றன என்று மட்டும் கேட்டார். பிறகு ஆட்களைத் தள்ளி நிறுத்தி, மூச்சுக்கருவி மாட்டிய இருவரை வைத்து, வண்டியின் முழுத் தண்ணீரையும் அந்த அறைக்குள் வெள்ளமாக விட்டார். பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. போகும்போது என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "இதுக்குக் கொஞ்சமாத்தான் தண்ணி ஆகாதுங்க. நிறைய ஆகும்." என் சுவர் எழுத்து புகையில் கறுத்துப் போயிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.

ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு வந்தார்கள். டிரம்முக்குள் உருகிப்போன பொடிக்கு நடுவில் அந்த மக் கிடந்தது. ஈரமான மக்கை உள்ளே போட்டது யார் என்று கேட்டார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. "ஸ்டோர் சாவி எப்பவும் செங்கோடன்கிட்டதான் இருக்கும்" என்று சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எழுதிக்கொண்டார்கள். முதலாளி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். என்னை ஸ்டோருக்கு அனுப்பியது அவர்தான். அவருக்கு நினைவிருந்ததா, இல்லையா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. செங்கோடன் அப்போது ஆஸ்பத்திரியில், மூக்கிலும் வாயிலும் குழாயோடு இருந்தார்.

பிழைத்து வந்தார். ஆனால் வீட்டிலிருந்து ரோடு வரை நடக்க இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அவரைப் போய்ப் பார்க்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. பஸ்ஸில் போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "வாங்க மாஸ்டர்" என்பதற்கே இளைத்தது. தண்ணீர் கொடுப்பதற்கு ஒரு டம்ளரை எடுத்தார். தோள் துண்டால் உள்ளே துடைத்தார், வெளியே துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். தண்ணீர் ஊற்றப்போகிற டம்ளர். பாவாயி சொம்போடு நின்றுகொண்டிருந்தார். அவர்களுக்கு அது பழகிவிட்டிருந்தது.

நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"மாஸ்டர், அன்னைக்கு பூஜ முடிஞ்சு... நான் மக்கைத் தொடச்சுத்தானுங்களே வெச்சிருப்பேன்? எனக்கு அந்த நாளு... ஒண்ணும் நெனவுல இல்லீங்க. ஆனா நான் தொடைக்காம வெப்பனுங்களா?"

இவ்வளவு லேசாக எனக்கு யாரும் வழி திறந்துவிட்டதில்லை. நான் வைத்தேன் செங்கோடா என்று சொன்னால் முடிந்தது, மூன்று வார்த்தை. பாவாயி இருந்தார். அவர்கள் மகள் கதவோரம் நின்றிருந்தாள். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நடந்தது நடந்து போச்சு. உடம்பைப் பாரு" என்றேன்.

"சரீங்க" என்றார். டீக்கடையில் சொன்ன அதே சரீங்க.

அதற்கப்புறம் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் டம்ளரைத் துடைத்தார், ஆனால் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று அப்போது நிம்மதியாக இருந்தது. இதையும் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடிக்கவில்லை.

மூன்றாவது வருடம் மார்கழிக் குளிரில் அவர் மூச்சு நின்றது. கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பாவாயியும் நானும் மட்டும் இருக்கும்போது சொன்னேன். மக்கை நான்தான் போட்டேன், துடைக்காமல் போட்டேன், ஈரம் என் கையில் பட்டது, விசாரணையில் சாவி அவரிடம்தான் இருக்கும் என்று சொன்னேன், அவர் கேட்டபோதும் உண்மையைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்பார்கள். என் பாரம் எங்கே இறங்கியது என்பதை அந்த அம்மாவின் முகத்தில் பார்த்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நெதமும் என்னையக் கேப்பாருங்க" என்றார். "ஏம் புள்ள, நான் தொடச்சிருப்பனா, மறந்திருப்பனான்னு. தூங்கப் போறப்ப ஒருக்கா, எந்திரிச்சா ஒருக்கா. நான் என்னத்தைக் கண்டேன். மாஸ்டரையே கேளுங்கன்னேன். கேட்டனே புள்ள, அவரு ஒண்ணும் சொல்லலியேன்னாரு."

பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"மாஸ்டரு சொல்லலீன்னா அப்ப நீங்கதான் மறந்திருப்பீங்க, உடுங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க. அதுக்கப்பறம் கேக்கறதை நிறுத்திட்டாரு. நாந்தானுங்க சொன்னேன்."